பக்கத்து வீட்டுக் கதவு

ஒரு கதவைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட்டிருக்கிறீர்களா?

கார், பங்களா, அடுத்தவர் பிள்ளையின் மார்க்... இதற்கெல்லாம் பொறாமைப்படுவது ஊர் வழக்கம். நான் ஒரு படி மேலே போனவன். வயது அறுபதைத் தாண்டிய பிறகு, மரத்தாலான ஒரு வாசற்கதவைப் பார்த்து வயிறு எரிந்தவன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் இலுப்பூர் வாக்கிங் நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். வீட்டு வாசற்கதவைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி என்பதுதான் பொருள். சிறப்புப் பேச்சாளர் என் பக்கத்து வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி. கையில் ஸ்க்ரூ, கீல், இரும்புப் பட்டை எல்லாம் வைத்துக்கொண்டு விளக்கோ விளக்கென்று விளக்கினார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

நன்றியுரை — நான்.

‘அருமையான கருத்துகளை வழங்கிய நண்பருக்கு’ என்று ஆரம்பித்தபோது தொண்டை அடைத்தது. சளி என்று நினைத்தார்கள்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆரோக்கியசாமியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். அவர் கணக்கு, நான் தமிழ். ஒரே தெருவில் அடுத்தடுத்து மனை வாங்கி, ஒரே சமயத்தில் வீடு கட்டினோம். அவருக்குச் சொந்த ஊர் ஆவூர். மனைவி ரெஜினாவும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், கனடாவில். என் வீட்டில் நானும் மனைவி மல்லிகாவும். மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருக்கும் எனக்கும் ஒரு சண்டை வந்ததில்லை. அவர் முதலில் மோட்டார் போட்டார், நான் அடுத்து போட்டேன். அவர் மாடியில் தகரக் கொட்டகை போட்டார், நானும் போட்டேன். நான் முதலில் செய்து அவர் பின்னால் செய்தது எது என்று யோசித்துப் பார்க்கிறேன்... ரிட்டையர் ஆனதுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் தெருக் கோடி வீட்டில் திருட்டு நடந்தது. வீட்டார் கந்தர்வக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பட்டப்பகல். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. மகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த நகை போய்விட்டது. அந்த அம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு, அன்றைக்குத் தெருவில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், பூட்டு உடையவே இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. திருடன் கடப்பாரையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கொடுத்து நெம்பியிருக்கிறான். பூட்டின் நாக்கு போய் உட்காருகிற இடத்தில் நிலைச்சட்டம் பிளந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை.

தெரு முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஒன்று செய்தார்கள். ஒருவர் கேமரா வைத்தார். ஒருவர் நாய் வாங்கினார். நான் முந்திக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்திலாவது ஆரோக்கியசாமிக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று திருச்சிக்கே போய், விரல் ரேகை வைத்தால் திறக்கிற டிஜிட்டல் பூட்டு வாங்கி வந்து மாட்டினேன். நீல விளக்கு எரியும். தப்பான விரல் வைத்தால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் மறுபடி முயற்சி செய்யச் சொல்லும். அது என்னமோ மல்லிகாவின் விரலை மட்டும் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. காய் நறுக்கி, பாத்திரம் விளக்கித் தேய்ந்த விரலாம். அவள் தினமும் வாசலில் நின்று என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

பூட்டைப் பார்க்க ஆரோக்கியசாமி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். நிலைச்சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. பூட்டு ஜோராத்தான் இருக்கு. ஆனா அதோட நாக்கு போயி விழுகுற எடம் பழைய வேப்பமரம்ல. கடப்பாரை பூட்டத் தொடாது சார், மரத்தத்தான் தொடும்” என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் புதுக்கதவு வாங்கவில்லை. இருந்த கதவையே பலப்படுத்தினார். ராத்திரி பகலாக வீடியோ பார்த்து, படம் வரைந்து, ஒரு தச்சரைக் கூப்பிட்டு நாள் கணக்கில் வேலை வாங்கினார். நிலையில் இருந்த சின்ன ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றிவிட்டு, மரத்தைத் தாண்டிச் சுவருக்குள்ளேயே போய்க் கடிக்கிற மாதிரி நீளமானவற்றை அடித்தார். பூட்டு விழுகிற பக்கம் நிலை நெடுகிலும் இரும்புப் பட்டை. கீல்கள் புதிது. மேலும் கீழும் கனத்த தாழ்ப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதே பழைய கதவு, அதே பெயின்ட்.

டக்... டக்... டக்... காலையில் நான் பேப்பர் பிரிக்கும்போது ஆரம்பிக்கும். மத்தியானம் கண்ணயரும்போதும் கேட்கும். ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சில் விழுந்தது. இதில் மல்லிகா வேறு, “பாருங்க, அவுக எவ்வளவு நிதானமா செய்றாக. நீங்க ஓடிப்போயி பேசுற பூட்ட வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்று சொல்லிக் காட்டினாள். ஆனால் போகப் போக அவளுக்கும் அந்தச் சத்தம் பிடிக்காமல் போனது. சமையல்கட்டு ஜன்னல் அவர்கள் வீட்டுப் பக்கம். தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அதன் வழியாகத்தான் வரும். “இவுக வீட்டுல என்ன கோயில் கதவா செய்றாக” என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் என் மனைவி எனக்கு ஏற்ற மனைவி என்று தோன்றியது.

ஆவூர் கோயில் திருவிழா வந்தது. வருஷா வருஷம் ஆரோக்கியசாமியின் பூர்வீக வீட்டில் எங்களுக்கும் விருந்து உண்டு. அவர்கள் காரிலேயே நாலு பேரும் போய் வருவோம். இந்த முறை மல்லிகா வரவில்லை. கால்வலி என்று சொல்லச் சொன்னாள். நிஜக் காரணம் எனக்குத் தெரியும். அங்கே வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ரெஜினா டீச்சர் கதவைப் பற்றி விவரிப்பார். அதைக் கேட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட இவளுக்கு இஷ்டமில்லை.

கிளம்பும்போது, அவளுக்கு வெளியே வருகிற வேலை இல்லையே என்று, பழக்கதோஷத்தில் காம்பவுண்ட் கேட்டுக்கு வெளிப்பூட்டுப் போட்டுவிட்டுப் போனேன்.

சாயங்காலம் திரும்பினோம். கார் நின்றதும் முதலில் பார்த்தது ரெஜினா டீச்சர்தான். கணவரின் கையைப் பிடித்தார்.

அவர்கள் கதவில் ஓரம் நெடுகப் பெயின்ட் உரிந்து, மரம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. கடப்பாரை பாய்ந்த தடம் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. மரத்துக்கு அடியில் இரும்புப் பட்டை லேசாக வளைந்து பளபளத்தது. ஆனால் கதவு மூடியே இருந்தது. ஆரோக்கியசாமி சாவி போட்டார். கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது. உள்ளே ஒரு பொருள்கூட இடம் மாறவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நண்பருக்கு ஆறுதல் சொல்வதற்கு முன்னால், ஓடிப்போய் என் கதவைப் பார்த்தேன்.

ஒரு கீறல் இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. இரண்டு வீடும் வெளியே பூட்டித்தான் கிடந்தது. மல்லிகா உள்ளே இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீட்டைப் பார்த்தவன், யோசித்து, அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். என் வீட்டில் நீல விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துக்கூட அவனுக்கு ஒரு மரியாதை வரவில்லை. கள்ளனுக்குக்கூட ஆரோக்கியசாமி வீடுதான் கண்ணில் படுமா?

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் இப்படிச் செய்துவைத்தால் தங்களுக்கு வேலையே இருக்காது என்று பாராட்டினார். படம் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க பக்கத்து வீடா சார்? ஒங்க வீட்டுல ஒண்ணும் இல்லையே?”

ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் கேட்டார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

மல்லிகாவிடமும் விசாரித்தார். மிக்ஸி ஓடியது, குக்கர் விசில், ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எல்லாரும் போன பிறகு சமையல்கட்டுக்குள் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏங்க... மத்தியானம் டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. வெளிப்பக்கம் ஏதோ பட்டை அடிக்கணும், பாக்கி இருக்குன்னு டீச்சர் சொல்லிட்டு இருந்தாகல்ல. ஆசாரிதான் வந்திருக்காருன்னு நெனச்சேன். எனக்கு ஆத்திரம் தாங்கல. ஜன்னல்ல நின்னு கத்திட்டேங்க. நல்ல நாளு அதுவுமா இன்னைக்கும் தட்டணுமா, நிறுத்துங்க, இருங்க நா அங்கிட்டு வாரேன்னு...”

“அப்புறம்?”

“உடனே நின்னுருச்சு. அப்படி இருக்கணும்னு நெனச்சுக்கிட்டு சோத்த வடிச்சேன்.”

கடப்பாரையோடு ஒருத்தன் நின்றுகொண்டிருக்கிறான். நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர், ஒரு ஜன்னல். இவள் அவனை அதட்டியிருக்கிறாள். அவன் ஓடியிருக்கிறான். போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தன் குரலை அவன் ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

அவளைத் தேற்றினேன். தேற்றிக்கொண்டிருக்கும்போதே, உண்மையைச் சொல்ல வேண்டுமே, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது.

அப்படியானால் காப்பாற்றியது ஆரோக்கியசாமியின் கதவு இல்லை. என் மனைவி.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். போலீஸிடம் சொல்லாவிட்டால் போகிறது, இவர்களிடம் சொல்லாமல் விடக்கூடாது. நண்பருக்கு உண்மை தெரிய வேண்டாமா... என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆரோக்கியசாமி குளித்துக்கொண்டிருந்தார். ரெஜினா டீச்சர் டீ கொண்டு வந்து வைத்தார்.

“தெருக்கோடி வீட்டுல திருட்டுப் போனதுல இருந்து மகன் போன்ல ஒரே பிடிவாதம் சார். வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்கன்னு. நாங்களும் பாதி மனசா இருந்தோம். நேத்து இந்தக் கதவு நின்னதப் பாத்த பெறகுதான் எங்க சாருக்குத் தைரியம் வந்திருக்கு. எங்கயும் போகல, இங்கதான் இருப்போம்னு ராத்திரியே அவன்கிட்ட சொல்லிட்டாரு” என்றார்.

கைவசம் இருந்த சேதி நாக்கு நுனி வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

ஆரோக்கியசாமி இல்லாத தெருவை எனக்குக் கற்பனை செய்ய முடியவில்லை. அவர் போய்விட்டால் நான் யாரைப் பார்த்து எரிவது?

அதன் பிறகு நான் பட்ட பாட்டை வாசகர்களாகிய நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். கதவைப் பார்க்கக் கூட்டம் வந்தது. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், புதுவீடு கட்டுகிறவர்கள். அவர் சலிக்காமல் வாசலில் நின்று விளக்குவார். டார்ச் அடித்து ஸ்க்ரூவைக் காட்டுவார். உள்ளூர் நிருபர் ஒருவர் கதவோடு சேர்த்து அவரைப் படம் பிடித்துப் பேப்பரில் போட்டார். கடைசியில்தான் அந்த வாக்கிங் கூட்டம், அந்த நன்றியுரை. உலகத்தையே திருப்பிப் போடுகிற உண்மை ஒன்று பாக்கெட்டில் இருக்கிறது. ஆனால் வெளியே எடுக்க முடியாது. மல்லிகாவும் வாயைத் திறக்கவில்லை. ரெஜினா டீச்சர் கதவை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறார், அதைக் கெடுக்க வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு வழக்கில் ஒருவன் பிடிபட்டான். எங்கள் தெருச் சம்பவங்களையும் ஒப்புக்கொண்டிருக்கிறான். இடத்தை அடையாளம் காட்ட போலீஸ் அவனை அழைத்து வந்தது. நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான ஆள். இவனா என்று இருந்தது. தெருவே வேடிக்கை பார்க்க, ஆரோக்கியசாமி வீட்டு வாசலில் நிறுத்திச் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“கதவு தெறக்கலைன்னுதான விட்டுட்டுப் போன?”

“முரண்டு பிடிச்சுச்சு சார். இன்னும் கொஞ்சம் நெம்புனா வந்திருக்கும். அந்த வீட்டம்மா, இரு வாரேன்னு சத்தம் போட்டுச்சு. ஓடிட்டேன்.”

எங்கள் ஜன்னலைக் காட்டினான். எல்லாத் தலைகளும் மல்லிகா பக்கம் திரும்பின. அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இத்தனை வாரம் அரித்த கேள்வி. போலீஸ் இருப்பதையும் மறந்து கேட்டுவிட்டேன்.

“ஏம்ப்பா, எங்க வீட்ட ஏன் விட்டே?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

“விடல சார். இத முடிச்சிட்டு அடுத்து அங்கிட்டுத்தான் வாரதா இருந்துச்சு. அது ரெண்டு நெம்புல வந்துரும், கடைசியா பாத்துக்கலாம்னு...”

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் வீடும் கணக்கில் இருந்திருக்கிறது என்று ஒரு அற்பத் திருப்தி. அடுத்த நொடிதான் உறைத்தது. இரண்டு நெம்பு. உள்ளே மல்லிகா தனியாக, சோறு வடித்துக்கொண்டு. வெளியே ஓடலாம் என்றால் கேட்டில் என் கையால் போட்ட பூட்டு. பக்கத்து வீட்டுக் கதவு அத்தனை நேரம் தாக்குப்பிடிக்காமல் இருந்திருந்தால், அவள் எரிச்சல்பட்டுக் கத்துவதற்குள் அவன் எங்கள் வாசலுக்கு வந்திருப்பான்.

நான் பொறாமைப்பட்ட அந்தக் கதவு அன்றைக்கு இரண்டு வீட்டைக் காத்திருக்கிறது. கதவு என்ன செய்யும்? அது திருடனைத் துரத்தாது. கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தி, சத்தம் போட வைக்கும். அந்தச் சத்தம் யாராவது ஒருவர் காதில் விழ வேண்டும்.

போலீஸ் போனதும் ரெஜினா டீச்சர் வந்து மல்லிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். கதவை நம்பித்தானே டீச்சர் ஊரிலேயே இருக்கிறீர்கள் என்று மல்லிகா இழுத்தாள்.

“கதவு மட்டும் இருந்தா பயந்துக்கிட்டுத்தான் இருக்கணும் மல்லிகா. நீ இருக்கேன்னு இப்பத்தான தெரியுது” என்றார் டீச்சர். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் ஆரோக்கியசாமியும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர்கள் கனடாவுக்குப் போகவில்லை.

மறுநாளே ஆரோக்கியசாமி அதே தச்சரை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. பழைய சட்டத்தைக் கழற்றி, புது நிலை, இரும்புப் பட்டை, நீள ஸ்க்ரூ எல்லாம் பக்கத்திலேயே நின்று பார்த்துச் செய்ய வைத்தார். பேசுகிற பூட்டையும் எடுக்கவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் சார் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரை ஓர் ஆள் அகலத்துக்கு இடித்துச் சின்னக் கதவு ஒன்றும் வைத்தோம். அவசரத்துக்கு நாங்கள் அங்கேயும் அவர்கள் இங்கேயும் ஓடலாம். நல்ல ஏற்பாடு. கொண்டி மட்டும் அவர் பக்கம் வைத்துக்கொண்டார்.

ஊர் இப்போது கதவை மறந்துவிட்டது. மல்லிகாதான் எல்லார் வாயிலும். அதே நிருபர் வந்து ஜன்னலோடு சேர்த்து அவளைப் படம் பிடித்தார். கடைவீதியில் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்தி வணக்கம் சொல்கிறார், அவளுக்கு. பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, “மல்லிகாம்மா வீட்டுக்காரரா?” என்கிறார். வாக்கிங் நண்பர்கள் அடுத்த கூட்டத்துக்கு அவளைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நன்றியுரை யார் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் என் வாரப் பத்தியில் எழுதப்போகிறேன் என்றதும் மல்லிகா பதறினாள். இவ்வளவு பொறாமை மனசுக்குள் இருந்தது என்று ஆரோக்கியசாமி சாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்றாள்.

எனக்கு அந்தப் பயமே இல்லை. என் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறேன் என்று சொல்கிறவர் அவர். சொல்வதோடு சரி.